கிழங்கு எடுப்பு முடிந்ததும் இலக்கியம்

ஆஷ்பி ரிட்ஜ் உயர்நிலைப் பள்ளியில் அமெரிக்க இலக்கியம் என்றால் ஹார்லன் பிராக்டன்தான். ஊரில் பாதிப் பேர் அவரிடம் படித்தவர்கள். மீதிப் பேர் அவரிடம் பிள்ளைகளை அனுப்பியவர்கள். பதினோராம் வகுப்புக்கு அவர் போட்டு வைத்திருந்த வரிசை எல்லோருக்கும் தெரியும். ஆகஸ்டில் பள்ளி திறந்ததும் கப்பலில் வந்து இறங்கிய முதல் குடியேறிகளும் அவர்களுடைய பிரசங்கங்களும். அடுத்து சுதந்திரப் போர்க் காலத்து எழுத்து. பிறகு ஒவ்வொரு தலைமுறையாக நடந்து நேற்று வரைக்கும் வந்து சேர வேண்டும்.

வந்து சேர்ந்ததுதான் கிடையாது. அமெரிக்காவின் மேய்ன் மாநிலத்தின் இந்த வடகோடியில், நிலம் உறைவதற்குள் உருளைக்கிழங்கு மண்ணை விட்டு வெளியே வந்தாக வேண்டும். அதற்காகச் செப்டம்பர் நடுவில் பள்ளியை மூன்று வாரம் மூடிவிடுவார்கள். திரும்பி வரும் பிள்ளைகளின் நகத்தடியில் மண் இருக்கும், ஆகஸ்டில் படித்தது தலையில் ஒரு சொட்டு இருக்காது. பிராக்டன் ஒரு பெருமூச்சு விட்டுவிட்டு மறுபடி கப்பலில் இருந்து ஆரம்பிப்பார். ஜூன் மாதம் பள்ளி முடிகிறபோது வகுப்பு நூற்றைம்பது வருடத்துக்கு முந்தைய உள்நாட்டுப் போரில் நின்றுகொண்டிருக்கும். "நம்ம ஊர்ல கடைசியா நடந்த விஷயமே உள்நாட்டுப் போர்தான்" என்று காபிக் கடையில் கேலி பேசுவார்கள். பிராக்டனும் அதைக் கேட்டுச் சிரித்துக்கொண்டே காபி குடிப்பார்.

கொரின் வில்லெட் அவருடைய மாணவிதான். கல்லூரி முடித்து ஊருக்கே திரும்பி, அதே பள்ளியில், அவருக்கு அடுத்த அறையில் பாடம் நடத்த வந்து நான்காவது வருடம் ஓடிக்கொண்டிருந்தது. மூன்று வருடம் அவர் வரிசையையே பிடித்துக்கொண்டு போய், மூன்று தடவையும் உள்நாட்டுப் போரில் இறக்கிவிடப்பட்டவள். நான்காவது ஆகஸ்டில், பள்ளி திறப்பதற்கு முந்தைய வாரம், பிரின்சிபால் லோர்னா ஹாஜ்டனின் அறையில் பிராக்டனுக்கு எதிர் நாற்காலியில் உட்கார்ந்து விஷயத்தை நேராகவே போட்டு உடைத்தாள்.

"வருஷ வரிசை வேண்டாம் ஹார்லன். ஒரு விஷயத்தை எடுத்துப்போம். 'உழைப்பு'ன்னு வெச்சுக்குங்க. முன்னூறு வருஷத்துல அதைப் பத்தி யார் யார் என்ன எழுதினாங்களோ எல்லாத்தையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் படிக்கட்டும். அது முடிஞ்சா 'வீட்டை விட்டுப் போறது'. அதுக்கப்புறம் இன்னொண்ணு."

"தேதி இல்லாம படிக்கிறது மூடுபனியில வண்டி ஓட்டுற மாதிரிம்மா," என்றார் பிராக்டன். "ஓடும். எங்க ஓடுதுன்னுதான் தெரியாது."

"உங்க வண்டி விளக்கெல்லாம் பளிச்சுனு போட்டுக்கிட்டு வருஷா வருஷம் ஒரே எடத்துல நிக்குதே."

லோர்னா இருமுவது போல வாயைப் பொத்திக்கொண்டாள். இந்த இருவரும் சண்டை போட்டால் பள்ளிக்கு நல்லதுதான் என்று நினைப்பவள் அவள். ஆனால் யாராவது பள்ளிக் குழுவிடம் போய் முறையிட்டால் பதில் சொல்ல வேண்டியவளும் அவள்தான்.

"சரி, இப்படி வெச்சுக்கலாம்," என்றாள். "ஜனவரி வரைக்கும் கொரின் அவ இஷ்டப்படி நடத்தட்டும். அரையாண்டுப் பரீட்சை ரெண்டு வகுப்புக்கும் ஒண்ணே. பாதிக் கேள்வி ஹார்லன், பாதிக் கேள்வி கொரின். அவர் பசங்க தாளை நீ திருத்து, உன் பசங்க தாளை அவர் திருத்தட்டும். உன் வகுப்போட சராசரி அவர் வகுப்பைவிடக் கீழ போச்சுன்னா மறுநாள்லேர்ந்து அவர் வரிசை. சம்மதமா?"

"சம்மதம்," என்றாள் கொரின், யோசிக்காமல்.

"யோசிச்சுச் சொல்லும்மா," என்றார் பிராக்டன்.

"மூணு வருஷமா அதைத்தானே யோசிச்சிட்டிருக்கேன்."

ஆகஸ்டில் அவள் பெரிதாக எதையும் தொடவில்லை. கிழங்கு எடுப்பு முடிந்து பிள்ளைகள் வரட்டும் என்று வைத்திருந்தாள். மூன்று வாரம் வயலில் நின்றுவிட்டு வருகிறவர்களிடம் 'உழைப்பு' என்ற தலைப்பை வைத்தால் பற்றிக்கொள்ளும் என்பது அவள் கணக்கு. அதில் ஒரு ஓட்டை இருந்தது அவளுக்குத் தெரியவில்லை. கிழங்கு எடுப்பு வாரங்களில் அவள் அப்பாவின் டிராக்டர் உதிரிபாகக் கடையில் கல்லாவில் நின்று வளர்ந்தவள். வயலில் இறங்கியதில்லை.

அக்டோபர் முதல் வாரம், ஆறாம் பீரியட், மதியச் சாப்பாடு முடிந்த நேரம். சுவரில் 'உழைப்பு' என்று பெரிய எழுத்தில் அட்டை ஒட்டியிருந்தாள். கையில் கொடுத்தது ஒரு பாஸ்டன் கனவான் எழுதிய கட்டுரை. மாமாவின் பண்ணையில் ஒரு இலையுதிர் காலத்தைக் கழித்துவிட்டு, மண்வெட்டி பிடிப்பதில் மனிதன் அடைகிற மேன்மையைப் பற்றி உருகி உருகி எழுதியிருந்தார். எழுதியவர் பெயரையும் வருடத்தையும் கொரின் வேண்டுமென்றே எடுத்துவிட்டுத் தட்டச்சு செய்திருந்தாள். பெயரைப் பார்த்து மரியாதை வரக் கூடாது, எழுத்தைப் பார்த்து வரட்டும் என்று.

கடைசி வரிசையில் கேலன் மிஷோ மேஜையில் கன்னத்தை வைத்துத் தூங்கிக்கொண்டிருந்தான். ஊருக்கு மேற்கே அவன் குடும்பத்துக்குப் பெரிய கிழங்குப் பண்ணை.

"கேலன், எழுந்திரு. இன்னிக்கு உன்னைப் பத்தின பாடம்."

"அதனாலதான் மிஸ் தூக்கம் வருது."

வகுப்பு சிரித்தது. கேலன் நிமிர்ந்து உட்கார்ந்தான். கன்னத்தில் ஸ்வெட்டர் மடிப்பின் கோடு பதிந்திருந்தது.

"மூணு வாரம் அறுவடை மெஷின் மேல நின்னு, பெல்ட்டுல வர்ற கல்லைப் பொறுக்கிப் பொறுக்கி வீசியிருக்கேன். காதுக்குள்ள இன்னும் அந்தச் சத்தம் கேக்குது. இந்தாளு என்னடான்னா, மழை ஓய்ஞ்ச மண்ணுல கை வெச்சா மனசு கழுவின மாதிரி ஆகுதுங்கிறாரு. மழை ஓய்ஞ்ச மண்ணுல எவனும் கை வைக்க மாட்டான் மிஸ். மெஷின் பொதையும். வீட்டுல உக்காந்து எங்கப்பா வானத்தைத் திட்டுறதைக் கேட்டுக்கிட்டிருப்போம்."

முன் வரிசையில் இருந்த டார்சி பெல்க்கி கையைத் தூக்கினாள். கல்லூரிக்குப் போயே தீருவது என்று முடிவு கட்டியிருந்த பெண். மதிப்பெண் விஷயத்தில் வியாபாரியைப் போல் கறாராக இருப்பாள். "மிஸ், கருப்பொருள் என்னன்னு கேட்டா 'உழைப்பின் மேன்மை'ன்னு எழுதிடலாமா? இந்த மாசம் பூரா எல்லாத்துக்கும் அதையே எழுதினா போதுமா?"

அவள் கிண்டலாகக் கேட்கவில்லை. உண்மையாகவே கேட்டாள். கேலன் சொன்னதைவிட அதுதான் கொரினுக்குச் சுருக்கென்று தைத்தது. வருடத்தை எடுத்துவிட்டு அந்த இடத்தில் ஒரு வார்த்தையை வைத்துவிட்டேன், அவ்வளவுதானே செய்தேன் என்று தோன்றியது. பிராக்டனின் பிள்ளைகள் வருடத்தை ஒப்பிப்பார்கள், என் பிள்ளைகள் வார்த்தையை ஒப்பிப்பார்கள். இதற்கா அந்த அறையில் அவ்வளவு பேச்சு?

ஆனால் துவண்டுபோகிற சுபாவம் அவளுக்கு இல்லை. உதிரிபாகக் கடையில் ஒரு பாகம் பொருந்தவில்லை என்றால் அடுத்ததை எடுத்துப் பார்ப்பார்கள், உட்கார்ந்து அழமாட்டார்கள். மறுநாள் ஆறாம் பீரியடில் அட்டையைப் பிய்த்து எடுத்தாள்.

"கேலன், நேத்து நீ அந்தக் கனவானைத் திட்டினியே, அதை ஒரு கேள்வியாக் கேளு. சின்னதா. இந்தக் கட்டுரையை மட்டும் இல்ல, யார் எழுதினதா இருந்தாலும் கேக்குற மாதிரி."

கேலன் கொஞ்ச நேரம் கூரையைப் பார்த்தான். "இவரு செஞ்சாரா, பாத்தாரா?"

"அவ்ளோதானா?"

"அவ்ளோதான் மிஸ். செஞ்சிருந்தா ஒரு மாதிரி பேசுவாங்க. வேலியில சாஞ்சுக்கிட்டுப் பாத்திருந்தா வேற மாதிரி பேசுவாங்க."

கொரின் அதையே எழுதிச் சுவரில் ஒட்டினாள். 'செய்தவரா, பார்த்தவரா?'

அதிலிருந்து வகுப்பு வேறு மாதிரி ஆயிற்று. சோம்பலைப் பாவம் என்று இடி முழங்குகிற ஒரு பழைய போதகரின் பிரசங்கத்தைக் கொடுத்தாள். "இவர் செய்யவும் இல்ல, பாக்கவும் இல்ல, பயமுறுத்துறாரு" என்று முடிவு செய்தார்கள். தெற்கே அடிமையாக, ஒருவருக்குச் சொந்தமான பொருளாகப் பிறந்து, வயலிலேயே வளர்ந்து, தப்பி ஓடிவந்த ஒருவரின் தன்வரலாற்றைக் கொடுத்தபோது யாரும் கேலி பேசவில்லை. அடுத்த நாள் கேலன் அந்தப் பாஸ்டன் கட்டுரையை மறுபடி எடுத்து அதன் பக்கத்தில் வைத்து, "இவங்க ரெண்டு பேரும் 'மண்'ணுன்னு சொல்றாங்களே, ரெண்டும் ஒரே மண்ணா?" என்றான். மீன் டப்பாத் தொழிற்சாலைப் பெண் ஒருத்தி சொல்லச் சொல்ல ஒரு பத்திரிகைக்காரர் எழுதிக்கொண்டதைப் படித்தபோது பெரிய ரகளையே நடந்தது. செய்தது அவள், எழுதியது அவர். எந்தப் பக்கம் சேர்ப்பது?

"அவ கை, அவர் பேனா. அவ பக்கம்தான்," என்றாள் டார்சி.

"பேனா யார் கையில இருக்கோ அவன்தானே வெட்டுறான், ஒட்டுறான்?" என்றான் கேலன். "எங்கம்மா சொன்னதை எங்கப்பா வந்து எங்ககிட்ட சொல்லும்போது அது எங்கம்மா சொன்னதாவா இருக்கு?"

மணி அடித்த பிறகும் அடுத்த வகுப்புக்குப் போகிற வழி முழுக்க அதே சண்டை. கொரின் நடையில் மிதப்பு வந்துவிட்டது. இந்த வகுப்பு ஜெயிக்கும், அதில் சந்தேகமே இல்லை என்று நினைத்தாள். பிராக்டன்தான் ஆசிரியர்கள் சாப்பிடும் அறையில் அதற்கு ஒரு குண்டூசி வைத்திருந்தார்.

"உன் பையன் ஒருத்தனை வராந்தாவுல நிறுத்தி, அந்த பாஸ்டன் கனவான் எப்ப செத்தாருன்னு கேட்டேன்," என்றார், சாண்ட்விச்சைப் பிரித்தபடி.

"என்ன சொன்னான்?"

"'ஐயோ, செத்துட்டாரா?'ன்னு கேக்குறான்."

சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். கொரினும் சிரித்தாள். "சாகலைன்னு நெனச்சுச் சண்டை போடுறான் ஹார்லன். செத்தவங்களோட உங்க பசங்க சண்டை போட்டு நான் பாத்ததே இல்லையே."

"என் பசங்க கல்லறைக்காவது வழி கண்டுபிடிப்பாங்க."

டிசம்பரில் பனி இடுப்பளவு ஏறியது. பரீட்சையின் அமைப்பு அறிவிக்கப்பட்டது. முதல் பாதி பிராக்டனுடையது: யாரும் முன்பு படித்திராத ஐந்து பத்திகள்; அவற்றைக் கால வரிசையில் அடுக்க வேண்டும். இரண்டாம் பாதி கொரினுடையது: அதே ஐந்தில் ஏதாவது இரண்டை எடுத்து, எழுதியவர்கள் இருவரையும் ஒரே மேஜையில் உட்காரவைத்தால் எதற்காகச் சண்டை போட்டுக்கொள்வார்கள் என்று எழுத வேண்டும்.

அறிவிப்பைப் படித்ததும் டார்சி நேராக மேஜைக்கு வந்தாள். "மிஸ், வருஷமெல்லாம் ஒரு தாள்ல போட்டுக் குடுத்துடுங்க. மனப்பாடம் பண்ணிடுறோம். பரீட்சை முடிஞ்ச சாயங்காலமே மறந்துடுவோம், கவலைப்படாதீங்க."

"மறக்கப் போறதை ஏன் நான் குடுக்கணும்?"

"ஜெயிக்கணும்ல? தோத்தா நாங்க திரும்பக் கப்பல் ஏறணும்னு பிராக்டன் சார் வகுப்புல எல்லாரும் சிரிக்கிறாங்க."

பந்தயம் பிள்ளைகள் வரைக்கும் போய்விட்டது கொரினுக்கு அப்போதுதான் தெரிந்தது. ஆனாலும் தாள் கொடுக்கவில்லை. "யார் யாருக்குப் பதில் சொல்றாங்கன்னு கவனிச்சுப் பாருங்க. பதில் சொல்றவங்க பின்னாடி வந்தவங்க. அது போதும்," என்றாள். போதும் என்றே நம்பினாள்.

பரீட்சை முடிந்து நான்காம் நாள், வகுப்பு தொடங்குவதற்கு முன், பிராக்டன் தாள் கட்டோடு அவள் அறைக்கு வந்தார். முகத்தில் கேலி இல்லை. அதுவே அவளுக்குப் பிடிக்கவில்லை. பிள்ளைகள் உட்காரும் மேஜை ஒன்றில் கனத்த உடம்பைக் குறுக்கிக்கொண்டு உட்கார்ந்தார்.

"உன் பாதியில உன் பசங்க பிரமாதமா எழுதியிருக்காங்க. தாராளமாவே மார்க் போட்டிருக்கேன். என் பசங்க உன் பாதியில எப்படி?"

"பாதிப் பேரு 'ரெண்டு பேரும் நல்ல எழுத்தாளர்கள், சண்டை போட மாட்டாங்க'ன்னு எழுதியிருக்காங்க," என்றாள் கொரின்.

அவர் வலியோடு தலையாட்டினார். "ஆனா வரிசைக் கேள்வியில என் பசங்க தப்பே பண்ணல. உன் பசங்க நாலு பத்தியை ஒழுங்காத்தான் அடுக்கியிருக்காங்க. அஞ்சாவதுல எல்லாரும் விழுந்துட்டாங்க. எல்லாரும் ஒரே எடத்துல."

தாளை அவள் முன் வைத்தார். அந்தப் பத்தி ஒரு சிறுமி எழுதியது. கிழங்கு எடுப்பதற்காகப் பள்ளிக்கூடத்தைப் பூட்டிவிட்டார்கள். ஆசிரியையும் எங்களோடு வயலுக்கு வந்துவிட்டார். என் கூடை நிறைந்ததும் பீப்பாயில் கொட்டி, என் எண் எழுதிய சீட்டை அதில் செருகுவேன். விளக்கைத் தூண்டிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தால் அண்ணன் தட்டின் மேலேயே தூங்கிவிட்டான். கால வரிசையில் இது நடுவில் வர வேண்டும். எழுதி நூற்று இருபது வருடங்களுக்கு மேல் ஆகிறது. கொரினின் வகுப்பு மொத்தமும் அதைக் கடைசியில் போட்டிருந்தது. எல்லாவற்றிலும் புதியது என்று.

கொரின் தாள்களைப் புரட்டினாள். டார்சி, கடைசி. கேலன், கடைசி. ஒருத்தர் பாக்கியில்லை. கேலன் இரண்டாம் பாதியில் அந்தச் சிறுமியையும் பாஸ்டன் கனவான் மாதிரியான இன்னொருவரையும்தான் மேஜையில் உட்காரவைத்திருந்தான். அவளுக்காக அவன் எழுதியிருந்த வசனங்களைப் பார்த்தால், அடுத்த பண்ணையில் இருக்கிற பெண்ணுக்கு வக்காலத்து வாங்குகிற மாதிரி இருந்தது.

"ரெண்டு பாதியையும் கூட்டினா நீ கொஞ்சம் கீழதான்," என்றார் பிராக்டன். "கொஞ்சம்தான். ஆனா கீழ. நாளைக்குக் கப்பல்."

கொரின் தாள்களை அடுக்கி வைத்தாள். ஒப்புக்கொண்டது ஒப்புக்கொண்டதுதான். ஆனால் மனதுக்குள் தோற்ற மாதிரி இல்லை. அந்தத் தப்பு அவளுக்குப் பிடித்திருந்தது. ஏன் பிடித்தது என்று அவளாலேயே அந்தக் கணத்தில் சொல்ல முடியவில்லை.

"இன்னிக்கு ஆறாம் பீரியட் இன்னும் என்னோடதுதானே?"

"இன்னிக்கு உன்னோடதுதான்."

"அப்போ நீங்களும் வாங்க. தாளைக் குடுக்கும்போது இருங்க."

ஆறாம் பீரியடில் பிராக்டன் பின்னால் ஹீட்டர் பக்கமாக ஒரு நாற்காலியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். பிள்ளைகள் அவரைப் பார்த்ததுமே விஷயத்தைப் புரிந்துகொண்டார்கள்.

"தோத்துட்டோமா மிஸ்?" என்றாள் டார்சி.

"கொஞ்சத்துல. ஒரு பத்தியால. கூடை தூக்குற பொண்ணோட பத்தி. எல்லாரும் அதைக் கடைசியில போட்டிருக்கீங்க. ஏன்?"

"ஏன்னா அது இப்ப நடக்குறது," என்றாள் டார்சி, இதில் என்ன கேள்வி என்பது போல. "கிழங்கு எடுக்கப் பள்ளிக்கூடத்தை மூடுறாங்க. செப்டம்பர்ல நம்ம பள்ளிக்கூடத்தையும்தான் மூடினாங்க."

"கூடையில பொறுக்கிறதுன்னு இருக்கே? பீப்பாய்?"

"மெஷினே வேண்டாம்னு இருக்கிற ஆமிஷ் சபைக்காரங்க இன்னும் கூடையிலதான் எடுக்கிறாங்க," என்றான் கேலன். "எங்க பக்கத்துப் பண்ணைதான். அவங்க பொண்ணு எழுதினதுன்னு நெனச்சேன்."

"சரி, விளக்கைத் தூண்டிவிட்டுன்னு இருக்கே?"

"கரண்ட் போயிருக்கும்னு நெனச்சோம் மிஸ்," என்றாள் டார்சி.

பின்னால் பிராக்டன் கனைத்துக்கொண்டார். சிரிப்பை அடக்கினாரா, எரிச்சலை அடக்கினாரா என்று தெரியவில்லை.

"அந்தப் பொண்ணு அதை எழுதி நூத்தி இருபது வருஷத்துக்கு மேல ஆச்சு," என்றாள் கொரின். "அவ பாட்டி ஆகி, செத்தும்கூட ரொம்ப வருஷம் ஆயிருக்கும்."

வெளியே பனி வாரும் வண்டி வாகன நிறுத்தத்தில் பின்னோக்கி வருகிற சத்தம் கேட்டது. டார்சி அந்தத் தாளை எடுத்து மறுபடி படித்தாள். ஒரு தடவை படித்துவிட்டு இன்னொரு தடவையும் படித்தாள்.

கேலன்தான் வாயைத் திறந்தான். அவன் முகம் சிவந்திருந்தது. தாளில் அவளுக்காக அவ்வளவு வாதாடியவன் அவன்.

"நூத்தி இருபது வருஷமா?" என்றான். "அப்புறமும் மூடுறாங்களா? எங்க வீட்டுலயே இப்ப மெஷின்தான் எடுக்குது. அவ கூடை தூக்கினா, மூடினாங்க, சரி. நாங்க கல்லு பொறுக்குறதுக்கும் மூடுறாங்க. நடுவுல யாரும் கேக்கவே இல்லையா?"

"உங்கப்பாகிட்ட கேளு," என்றான் யாரோ.

"விளையாட்டுக்குக் கேக்கல. மிஸ், சரியா எந்த வருஷம் எழுதினா? பீப்பாய் எப்ப போச்சு? மெஷின் எப்ப வந்துச்சு? இதுக்கு நடுவுல வேற யாராவது இதைப் பத்தி எழுதியிருக்காங்களா?"

"ஆமா மிஸ்," என்றாள் டார்சி. "அந்த டப்பாத் தொழிற்சாலைப் பொண்ணு இவளுக்கு முன்னாடியா, பின்னாடியா? இவளுக்குத் தெரிஞ்சிருக்குமா அவளை? அந்த பாஸ்டன்காரர்? அவர் மாமா பண்ணையில கூடை தூக்கினது யாரு, இந்த மாதிரிப் பசங்களா? வருஷம் தெரிஞ்சாத்தானே சொல்ல முடியும்?"

நாலா பக்கமும் கை உயர்ந்தது. எல்லோருக்கும் ஒரு வருடம் வேண்டியிருந்தது. கொரின் பெயரையும் தேதியையும் வெட்டிவிட்டுத் தட்டச்சு செய்த பக்கங்களைத் தூக்கித் தூக்கிக் காட்டி, இது எப்ப, இது எப்ப என்று கேட்டார்கள். காலையில் அந்தத் தப்பு ஏன் பிடித்தது என்று அவளுக்கு இப்போது விளங்கியது. அவளாகவே தேதியை முதல் நாளே கொடுத்திருந்தால் ஒருத்தரும் சீந்தியிருக்க மாட்டார்கள். ஆனால் இத்தனை நாளும் கொடுக்காமலே வைத்திருந்ததும் அவளுடைய பிடிவாதம்தான். அதற்கு மேல் அதை மனதில் போட்டு அரைக்கவில்லை. செய்ய வேண்டியது கண் முன்னால் இருந்தது. பின்பக்கம் திரும்பினாள்.

"ஹார்லன், எனக்கு எல்லா வருஷமும் தலையில இல்ல. உங்களுக்கு இருக்கு. வர்றீங்களா?"

பிராக்டன் எழுந்து வந்தார். சுவரில் 'செய்தவரா, பார்த்தவரா?' என்ற எழுத்துக்குக் கீழே, வெள்ளைப் பலகையில் இடமிருந்து வலமாக ஒரு நீளக் கோடு போட்டார். "யாரைப் போடணும் முதல்ல?" என்றார்.

"அந்தப் பொண்ணை," என்றார்கள் நாலைந்து பேர் ஒரே குரலில்.

நடுவில் அவளைப் போட்டார். அங்கிருந்து முன்னும் பின்னுமாகக் கோடு நிறைய ஆரம்பித்தது. கனவானைப் போட்டதும் கேலன், "அப்ப அவருக்கு இவ பேத்தி வயசு" என்றான். டப்பாத் தொழிற்சாலைப் பெண்ணைப் போட்டதும் டார்சி, "கிட்டத்தட்ட ஒரே வயசு சார், ரெண்டு பேரும்" என்று எழுந்தே நின்றுவிட்டாள். "கிட்டத்தட்ட இல்ல, நாலு வயசு மூத்தவ" என்று திருத்தினார் பிராக்டன். உள்நாட்டுப் போரை அவர் ஒரு சின்னப் புள்ளியாக வைத்துவிட்டு, நிற்காமல் தாண்டிப் போனதைக் கொரின் பார்த்தாள்.

மணி அடித்தபோது கோடு பலகையின் முக்கால் பங்கு வந்திருந்தது.

"சார், மிச்சம் எப்ப?" என்றான் கேலன்.

"நாளைக்கு எனக்கு இந்த நேரத்துல வேற வகுப்பு இருக்குடா."

"அவங்களையும் கூட்டிட்டு வாங்க."

பள்ளி விட்டதும் லோர்னா இருவரையும் அறைக்குக் கூப்பிட்டாள். சராசரி எழுதிய தாள் மேஜைமேல் இருந்தது. "யாரு ஜெயிச்சது?" என்று கேட்டாள், தெரிந்துகொண்டே.

"நான்," என்றார் பிராக்டன்.

"அப்ப நாளையிலேர்ந்து கொரின் உங்க வரிசை."

"இல்ல." அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், போட்டுக்கொண்டார். "முப்பது வருஷமா பசங்களுக்கு வருஷம் சொல்லிக் குடுத்துக்கிட்டிருக்கேன் லோர்னா. பரீட்சைக்காகக் கேட்டிருக்காங்க, மனப்பாடம் பண்ணியிருக்காங்க. தெரிஞ்சே ஆகணும்னு என்னைப் பிடிச்சு உலுக்கினது இன்னிக்குத்தான். அவ பசங்க வரிசையில தோத்தாங்க, சரி. என் பசங்க தோத்தது அதைவிடப் பெருசு. கேள்வியே இல்லாம பதிலை வெச்சிருக்காங்க. அவ தன் வழியிலயே போகட்டும்."

"ஜெயிச்சவர் சொல்றார்," என்றாள் லோர்னா கொரினைப் பார்த்து. "வாங்கிக்கோ."

"சும்மா வாங்கிக்க மாட்டேன்," என்றாள் கொரின். "ஆகஸ்டுல நீங்க ரெண்டு பேரும் எனக்கு நிபந்தனை போட்டீங்க. இப்ப என் முறை. ஜனவரியிலேர்ந்து ரெண்டு வகுப்பும் ஒரே கேள்வியோட ஆரம்பிக்கணும். நான் ஹார்லன் வகுப்புல போய்ச் சண்டை மூட்டுறேன். என் வகுப்புல பசங்க எப்ப வருஷம் கேக்குறாங்களோ, அன்னிக்கு அவர் வந்து கோடு போடணும். கேக்குறதுக்கு முன்னாடி வரக் கூடாது."

"கேக்கலைன்னா?"

"கேப்பாங்க."

பிராக்டன் லோர்னாவைப் பார்த்தார். லோர்னா தோளைக் குலுக்கினாள்.

"பள்ளிக் குழுவுக்கு என்னன்னு எழுதுறது?" என்றாள்.

"இலக்கியம்னு எழுது," என்றார் பிராக்டன், எழுந்து குளிர் அங்கியை மாட்டிக்கொண்டே. பிறகு கதவருகில் நின்று கொரினிடம் திரும்பினார். "என் வகுப்புக்கு எந்தக் கேள்வியை எடுத்துட்டு வரப் போற?"

"கேலன் கேட்டதைத்தான். யாருக்காகப் பள்ளியை இன்னும் மூடுறோம்னு."

"அது சங்கடமான கேள்விம்மா. மூடச் சொல்ற பள்ளிக் குழுவுல பாதிப் பேரோட பசங்க என் வகுப்புலதான் இருக்காங்க."

"நல்லதாப் போச்சு," என்றாள் கொரின். "வீட்டுலயே பதில் கிடைக்கும். அதை எழுதிக்கிட்டு வரச் சொல்லுங்க. நூறு வருஷம் கழிச்சு யாராவது இவங்களையும் கோட்டுல போடட்டும்."